பட்டமளிப்பு விழாக்களுக்குப் பதக்கம் செய்யும் சாவ்ரி பஜார் பட்டறை: ஒரு மதிப்புரை

பழைய தில்லியின் சாவ்ரி பஜாரில், திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடைகளுக்கும் பித்தளைச் சாமான் விற்கும் கடைகளுக்கும் நடுவே பிரியும் ஒரு சந்தின் முதல் மாடியில் இயங்கும் பட்டறையைப் பற்றியது இந்த மதிப்புரை. அதன் பலகையில் உரிமையாளர் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இல்லை. ‘பதக்கம், கேடயம், சான்றிதழ்’ என்ற பொருளில் மூன்று இந்திச் சொற்கள் மட்டுமே இருக்கின்றன. தலைநகரின் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் ஆண்டுதோறும் வழங்கும் விருதுகளில் ஒரு பகுதி இங்கிருந்துதான் போகிறது. நான் பணியாற்றி ஓய்வு பெற்ற கல்லூரியின் விருதுக் குழுவில் இன்னும் இருப்பதால், சில ஆண்டுகளாக எங்கள் பதக்கங்களையும், விருது பெறுகிறவரின் பணியைச் சொல்லி விழாவில் வாசிக்கப்படும் தகுதியுரைகளையும் இங்கேதான் செய்யக் கொடுக்கிறோம். தில்லியில் வாழும் தமிழ் ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகங்களில் இருப்போரும் நல்ல கடை ஒன்றைச் சொல்லும்படி அடிக்கடி கேட்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதக்கத்தின் அச்சு துல்லியமாக இருக்கிறது, முலாம் நிற்கிறது, விலை நியாயமாக இருக்கிறது, தமிழ் எழுத்து பிழையின்றி வருகிறது, தாமதம் உண்டு. இந்த அளவுக்குத் தரமான வேறு சில கடைகளும் தில்லியில் இருக்கலாம். இந்தப் பட்டறையை நான் அவற்றுக்கு மேலாக வைப்பதற்குக் காரணம், விருது பெறுகிறவர் என்ன செய்தார் என்பதை எழுதித் தராவிட்டால் இவர்கள் வேலையைத் தொடங்குவதே இல்லை. ஆர்டர் படிவத்தில் முதலில் பெயர், அடுத்து விருது, அதற்கும் கீழே ‘செய்த பணி’ என்று ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் முன்பணம் வாங்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகம் ஒருவரைச் சிறப்பிக்கப் பல வழிகளை வைத்திருக்கிறது. தேர்வில் முதலிடம் பெற்றவருக்கு அறக்கட்டளைப் பதக்கம், சிறந்த ஆய்வேட்டுக்குப் பரிசு, நல்ல ஆசிரியருக்கு விருது, ஓய்வு பெற்ற பேராசிரியருக்கு, ஓய்வுக்குப் பிறகும் பேராசிரியர் என்ற மதிப்பைத் தொடரும் எமரிட்டஸ் தகுதி, வெளியுலகில் பெரும்பணி செய்தவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம், கொடையாளர் பெயரில் அரங்கம் அல்லது ஆண்டுச் சொற்பொழிவு, நீண்ட காலம் உழைத்த அலுவலருக்கு நினைவுப் பரிசு என்று அந்த வரிசை நீள்கிறது. இவற்றுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை பொதுவாகக் கடுமையானது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மதிப்புறு பட்டத்துக்கான பெயர் கல்விக் குழுவிலும் செயற்குழுவிலும் ஏற்கப்பட்டு, அதன் பிறகு வேந்தரின் ஒப்புதலை, அல்லது ‘பார்வையாளர்’ என்ற பொறுப்பில் இருக்கும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் பெயரை ஆராயும் குழுக்கள், அந்தப் பெயரோடு வாசிக்கப்பட வேண்டிய உரையை விழாவுக்கு முந்தைய மாலையில் ஓர் அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்து முடித்துவிடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். ‘தன்னலமற்ற சேவை’, ‘ஈடு இணையற்ற பங்களிப்பு’, ‘கல்விப் பணிக்குப் பெருந்தொண்டு’ ஆகிய மூன்று தொடர்களை மாற்றி மாற்றி அடுக்கினால் எந்த விருதுக்கும் ஓர் உரை தயாராகிவிடுகிறது. அப்படி வந்த உரைகளைத்தான் இந்தப் பட்டறை திருப்பி அனுப்புகிறது.

செயலைப் பெயரோடு சேர்த்துப் பொறிப்பது நம் மண்ணில் மிகப் பழைய வழக்கம். செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்துள்ள நடுகற்களில், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்த ஊர் ஆநிரையைக் கவர வந்தபோது, யாருடைய சேவகன் பொருது பட்டான் என்பது சில வரிகளில் சொல்லப்பட்டிருக்கிறது. புகழ்ச்சொல் அதில் மிகக் குறைவு. இடமும் காலமும் செயலும் இருப்பதால், ஆயிரம் ஆண்டு கழிந்தும் அந்தக் கல் முன்னால் நிற்பவருக்கு அந்த மனிதன் யார் என்பது விளங்குகிறது.

மேலைப் பல்கலைக்கழகங்களும் இதை ஒரு தனிப் பதவியாகவே வளர்த்தன. கேம்பிரிட்ஜில் 1522 முதலும் ஆக்ஸ்போர்டில் 1564 முதலும் பல்கலைக்கழகச் சொற்பொழிவாளர் என்ற பதவி இருந்து வருகிறது; மதிப்புறு பட்டம் பெறுகிற ஒவ்வொருவரையும் தனித்தனியாக லத்தீனில் அறிமுகம் செய்யும் உரையை இயற்றுவது அவருடைய முக்கியமான கடமை. இந்தியாவில் நடந்த ஒரு விழாவிலும் அந்த மரபு காக்கப்பட்டது. 1940 ஆகஸ்ட் 7 அன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சாந்திநிகேதனிலேயே சிறப்புப் பட்டமளிப்பு விழா நடத்தி இரவீந்திரநாத் தாகூருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அப்போது இந்தியாவின் கூட்டாட்சி நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த சர் மாரிஸ் குவையரும், சர்வபள்ளி இராதாகிருஷ்ணனும் ஆக்ஸ்போர்டின் சார்பில் அங்கே சென்றார்கள். தகுதியுரை லத்தீனில் வாசிக்கப்பட, தாகூர் சமஸ்கிருதத்தில் மறுமொழி கூறினார். பட்டம் பெறுகிறவர் உடல் நலிந்திருந்ததால் பல்கலைக்கழகமே அவர் இருக்கும் இடத்துக்கு வந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1941 ஆகஸ்ட் 7 அன்று, அவர் மறைந்தார். மரியாதை செய்வதில் இவ்வளவு அக்கறை காட்டிய குவையர் தலைமை தாங்கிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில், இன்று ஒரு தகுதியுரை கவனமின்றி எழுதப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

எங்கள் கல்லூரி அலுவலகம் அனுப்பிய ஒரு பட்டியலுக்கு இந்தப் பட்டறையில் நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஆசிரியர் ஒருவர், வேதியியல் ஆய்வகப் பணியாளர் ஒருவர், நூலக உதவியாளர் ஒருவர் என மூவருக்கு விருது முடிவாகியிருந்தது. வடிவமைப்பு மேசையில் இருப்பவர், ஈரோட்டிலிருந்து வந்து கரோல் பாக்கில் குடியேறிய குடும்பத்தில் பிறந்து தில்லியிலேயே வளர்ந்த இளம்பெண். பட்டியலைப் படித்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், மூணு பேருக்கும் ‘தன்னலமற்ற சேவைக்காக’ன்னு ஒரே வரிதான் வந்திருக்கு. பேரை மாத்தி ஒட்டினாக்கூட யாருக்கும் தெரியாது. அவங்க என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்க சார், ரெண்டு வரியில நான் அடக்கித் தர்றேன்.”

“ஒவ்வொருத்தரா சொல்றேம்மா, எழுதிக்கோ. அந்த லைப்ரரி அம்மாவிலிருந்து ஆரம்பிப்போம்.”

அந்த அம்மையார், மழைநீர் இறங்கிய கிடங்கறையிலிருந்து தமிழ், தெலுங்கு, வங்காள நூல்களைத் தாமே மேலே ஏற்றி, தாள் தாளாக உலர்த்தி, அழிந்துபோன எண்களைப் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு மீண்டும் எழுதி, அலமாரிக்குக் கொண்டுவந்தவர். ஆய்வகப் பணியாளர், கரைப்பான் கழிவுகளைத் தொட்டியில் கொட்டும் பழக்கத்தை நிறுத்தி, அவற்றை வகை பிரித்துச் சேகரிக்கும் முறையை ஏற்படுத்தி, ஒவ்வொரு புதிய மாணவர் அணிக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவர். ஆசிரியர், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை முழுவதுமாகத் தம் குரலில் வாசித்துப் பதிவு செய்தவர். இவ்வளவையும் அந்தப் பெண் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் பதக்கத்தின் பின்புறத்தில் ஒரு வரியாகவும் தகுதியுரையில் ஒரு பத்தியாகவும் அமைத்து, மறுநாள் ஒப்புதலுக்கு அனுப்பினார். விழாவில் அவை வாசிக்கப்பட்டன. நூலக உதவியாளர் யார் என்றே அதுவரை அறியாத மாணவர்கள், விழா முடிந்ததும் அவரைத் தேடிப்போய், நனைந்த புத்தகத்தை எப்படி உலர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு விருதால் ஒரு கல்லூரிக்குக் கிடைக்கக்கூடிய மிகப்பெரிய பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன்: செய்த வேலை வெளியே தெரிகிறது, தெரிந்தால் அடுத்தவரும் அதைச் செய்கிறார்.

இனிப் பதக்கத்தைப் பற்றி. சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான பதக்கங்கள் துத்தநாகக் கலவையை உருக்கி வார்த்தவை. அவை எடை குறைந்தவை. உருவத்தின் கோடுகள் மழுங்கி இருக்கும். இந்தப் பட்டறையில் கடினப்படுத்திய எஃகில் டை எனப்படும் உருவ அச்சை வெட்டி, பித்தளை வில்லையை அழுத்தத்தில் அடித்து எடுக்கிறார்கள். கல்லூரிச் சின்னத்தில் உள்ள விளக்கின் திரி, நூலின் விளிம்பு போன்ற நுண்ணிய கோடுகள்கூடக் கூர்மையாக விழுகின்றன. பித்தளைக்கு மேல் நிக்கல், அதற்கு மேல் பொன்முலாம் என்பது வரிசை. நிக்கல் பூச்சைத் தவிர்த்துவிட்டு நேரடியாகப் பொன்னைப் பூசினால் சில ஆண்டுகளில் செம்பு நிறம் மேலே கசிந்து பதக்கம் கறுக்கும். இங்கே வாங்கிய எங்கள் முதல் ஆண்டுப் பதக்கங்கள் இன்றும் கறுக்கவில்லை. டை வெட்டும் செலவு முதல் ஆண்டில் மட்டும்தான். எங்களுக்கு அது ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே ஆனது. அதன் பிறகு பித்தளைப் பதக்கம் ஒன்று, பெட்டியும் நாடாவும் சேர்த்து, ஐந்நூறு ரூபாய்க்குள் முடிகிறது. வெள்ளி என்றால் அன்றைய விலையும் செய்கூலியும்.

தங்கப் பதக்கம் குறித்து இவர்கள் நடந்துகொள்ளும் முறையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். பல்கலைக்கழகங்களில் தங்கப் பதக்கங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவர் தம் தாயின் அல்லது ஆசிரியரின் நினைவாக அளித்த வைப்புத் தொகையின் வட்டியிலிருந்து வருகின்றன. 2000ஆம் ஆண்டில் 10 கிராம் தங்கம் ஐயாயிரம் ரூபாய்க்குள் இருந்தது. 2024இல் எழுபதாயிரத்தைத் தாண்டியது. வைப்புத் தொகை அதே வேகத்தில் வளராது. ஆகவே தங்கம் முதலில் மெலிந்து, பிறகு பொன்முலாம் பூசிய வெள்ளியாகி, கடைசியில் பொன்முலாம் பூசிய பித்தளையாகிவிடுகிறது. பெயர் மட்டும் தங்கப் பதக்கமாகவே நீடிக்கிறது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். இந்தப் பட்டறைக்காரர் பதக்கத்தின் விளிம்பில் உலோகம் இன்னது, மேற்பூச்சு இன்னது என்று சிறிய எழுத்தில் பொறித்துத் தருகிறார். பொறிக்க வேண்டாம் என்று சொல்கிற வாடிக்கையாளர்களை அவர் ஏற்பதில்லை. அறக்கட்டளைக் கொடையாளரின் குடும்பத்துக்கும் பதக்கம் பெறும் மாணவருக்கும் ஒரே நேரத்தில் நேர்மையாக நடந்துகொள்ள இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. வட்டி போதாத எங்கள் பழைய அறக்கட்டளைப் பதக்கம் ஒன்றைக் கலப்பில்லாத வெள்ளிப் பதக்கமாகவே மாற்றிக்கொள்ளும்படி சொன்னவரும் அவர்தான். கொடையாளரின் மகளிடம் கேட்டோம், மனநிறைவோடு ஒப்புக்கொண்டார்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தில்லித் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. இங்கே அச்சாகும் கேடயங்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதும், துணைக்கால் தனியாக மிதப்பதும், ‘ண’கரம் ‘ன’கரமாவதும், ‘ழ’கரம் ‘ள’கரமாவதும் பழகிப்போன காட்சிகள். தமிழ் ஒருங்குறியை (யூனிகோடு) சரியாகக் கையாளாத பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் எழுத்தை ஒட்டியவுடனேயே இந்தச் சிதைவு நேர்கிறது. வேலை செய்பவருக்குத் தமிழ் தெரியாததால் அப்படியே பித்தளையில் ஏறிவிடுகிறது. மேலே சொன்ன பெண் ஒவ்வொரு சொல்லையும் வரைவடிவமாக மாற்றிய பின்னரே லேசர் இயந்திரத்துக்கு அனுப்புகிறார். அதனால் திரையில் கண்டதும் உலோகத்தில் விழுவதும் ஒன்றாகவே இருக்கின்றன. ஐயம் வந்தால் கேட்கிறார். ஒருவருடைய பெயரின் தலைப்பெழுத்தைத் தமிழில் போடுவதா ஆங்கில ஒலியில் போடுவதா என்பதைக்கூட அந்தந்தக் குடும்பத்திடம் கேட்டு எழுதச் சொல்கிறார்.

தகுதியுரைக்கு இவர்கள் பயன்படுத்துவது ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரிலிருந்து வரும் கைத்தாள். பருத்திக் கூழில் செய்ததால் தடிமனாகவும் மங்கலான வெண்மையோடும் இருக்கிறது. நிறமி மை அதில் நன்றாக ஊறி நிற்கிறது. பளபளப்புத் தாளில் அச்சிட்டு லாமினேஷன் செய்து கொடுக்கும் வழக்கத்தைவிட இது பல மடங்கு மேல். லாமினேஷன் உறை மஞ்சளாகி ஓரங்களில் பிரியத் தொடங்கினால் உள்ளே இருக்கும் தாளைக் காப்பாற்ற முடியாது. சட்டகம் போடுவதும் கண்ணாடி பொருத்துவதும் வெளியில் கொடுத்துச் செய்யப்படுகின்றன. அந்த வேலை இதே தரத்தில் இல்லை.

இந்தப் பட்டறையின் இன்னொரு கட்டுப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகத்தின் சின்னமாக இருந்தாலும், பதிவாளர் அல்லது கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் அதை அச்சில் ஏற்ற மாட்டார்கள். முனைவர் பட்டத்துக்கான சான்றிதழ் என்றால், பட்டம் வழங்கும் அதிகாரம் உள்ள நிறுவனமா என்று பார்த்த பிறகுதான் பேச்சே. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956இன் 22ஆம் பிரிவின்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனமும் மட்டுமே பட்டம் வழங்கலாம். ஆனால் மானியக் குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் தில்லி முகவரிகள் தொடர்ந்து முன்னணியில் இருந்து வருகின்றன. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தின் அரங்கில் ஒரு தனியார் அமைப்பு விழா நடத்தி, திரைத்துறையினர் உள்ளிட்ட பலருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் என்று சொல்லி வழங்கியதும், அந்த விழாவுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் காவல்துறையில் புகார் அளித்ததும் நினைவிருக்கும். பெற்றவர்களில் பலர் அதை உண்மையென்று நம்பித்தான் மேடை ஏறியிருப்பார்கள். அங்கியும் சுருளும் பதக்கமும் யாரோ ஒரு கடைக்காரர் செய்து கொடுத்தவையே. அந்த இடத்தில் மறுப்பவர் ஒருவர் இருந்திருந்தால் பலருடைய மானம் காக்கப்பட்டிருக்கும்.

அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு, படைத்துறைச் சிறப்பும் கல்விச் சிறப்பும் நீங்கலாக வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. பத்ம விருதுகள் அந்தப் பொருளில் பட்டங்கள் ஆகா என்றும், அவற்றைப் பெயருக்கு முன்னும் பின்னும் சேர்க்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. குடியரசு மற்றப் பட்டங்களையெல்லாம் களைந்துவிட்டுப் படைத்துறைச் சிறப்போடு கல்விச் சிறப்பை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறது என்றால், அதைக் காக்கும் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பது விளங்கும். எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு, வர்ஜீனியா ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு பட்டமே வழங்குவதில்லை. அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை. 1959 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்குத் தில்லிப் பல்கலைக்கழகம் சட்ட முனைவர் பட்டம் அளித்தது போன்றவை நாடுகளுக்கிடையேயான மரியாதைகள். அவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் உ. வே. சாமிநாதையருக்கு முனைவர் பட்டம் வழங்கியதைப் போன்ற நிகழ்வுகளுக்காகத்தான் அந்த மரபு இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சீவக சிந்தாமணியை அவர் பதிப்பித்தது 1887இல். பட்டம் வந்தபோது அவருக்கு வயது 77. ஒரு தேர்வும் எழுதாமல் ஒரு மொழியின் இலக்கிய வரலாற்றையே மாற்றிய ஒருவரை, தேர்வு நடத்தும் நிறுவனம் தன் மிக உயர்ந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள வேறு வழி ஏது?

காலம் தாழ்த்துவது இந்தியக் கல்வி நிறுவனங்களின் பெரிய குறை. தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் தன் முதல் பட்டமளிப்பு விழாவை 1972இல் நடத்தியது. இரண்டாவது விழா 2018 ஆகஸ்டில்தான் நடந்தது. இடைப்பட்ட 46 ஆண்டுகளில் படித்து வெளியேறியவர்களுக்கு விழா மேடை என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. அதே பல்கலைக்கழகம் 2019இல், வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் உள்ளிட்ட எமரிட்டஸ் பேராசிரியர்கள் சிலரிடம், அத்தகுதியைத் தொடர்வது குறித்து ஆராயத் தன்விவரக் குறிப்பு கேட்டது. விதிகளின்படியே கேட்டதாக நிர்வாகம் விளக்கியது. விதி எப்படி இருந்தாலும், முடிந்த பணிக்காக அளித்த ஒரு மரியாதையைப் பின்னாளில் மறுபடி எடைபோடக் கேட்பது எனக்கு உடன்பாடானதல்ல. எமரிட்டஸ் நியமனக் கடிதத்தோடு ஒரு முழுமையான தகுதியுரையும் வழங்கப்பட்டிருந்தால், எதற்காக அந்தத் தகுதி என்பது என்றைக்கும் எழுத்தில் இருக்கும். சாவ்ரி பஜார் பட்டறையில் எமரிட்டஸ் பேராசிரியர்களுக்கான தகுதியுரை ஆர்டர்கள் வருவதுண்டா என்று கேட்டேன். மிக அரிது என்றார் உரிமையாளர். துறைத்தலைவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அங்கி, தொப்பி வாடகையும் இங்கே உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பட்டமளிப்பு உடைகளுக்குக் கைத்தறியைப் பயன்படுத்தும்படி மானியக் குழு 2019இல் கேட்டுக்கொண்ட பிறகு கறுப்பு அங்கியின் இடத்தில் கைத்தறி அங்கவஸ்திரம் பரவலாகி வருகிறது. இவர்களிடம் உள்ள அங்கவஸ்திரங்களில் சில விசைத்தறித் துணி. கைத்தறி வேண்டுமென்றால் முன்கூட்டியே அழுத்திச் சொல்ல வேண்டும்.

குறைகளையும் மறைக்காமல் எழுதுவதே முறை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கல்லூரி ஆண்டு விழாக்கள் ஒரே நேரத்தில் குவிவதால், சொன்ன தேதிக்கு வேலை முடிவதில்லை; ஒரு முறை தகுதியுரைகள் விழா நாள் காலையில்தான் கைக்கு வந்தன. படிக்கட்டு செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான்; முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற முடியாது. பதக்கப் பெட்டியின் நீல வெல்வெட் ஈரம் பட்டால் சாயம் விடுகிறது, வெள்ளை நாடாவில் கறை படிகிறது. மழைக்கால விழா என்றால் பெட்டியை மட்டும் வேறிடத்தில் வாங்குவது நல்லது. முகப்பில் அடுக்கி வைத்திருக்கும் அக்ரிலிக் கேடயங்களை வாங்கும்படி விற்பனையாளர் வற்புறுத்துவார். அவை எடையும் அழகும் இல்லாதவை, வாங்க வேண்டாம். சட்டகங்களைக் கண்ணெதிரே பிரித்துப் பார்த்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை விளிம்பு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்தக் குறைகளில் தாமதம் ஒன்றைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன், ஏனென்றால் விழா நாள் காத்திருக்காது.

எனவே மார்ச் விழாவுக்கு டிசம்பருக்குள் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். மஞ்சள் வழித்தட மெட்ரோவில் சாவ்ரி பஜார் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். காரில் வருவதை நினைக்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தமிழில் பொறிக்க வேண்டியிருந்தால் அந்தப் பெண் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு பிற்பகலில் போவது நல்லது. நிறுவனத்தின் கடிதம், சின்னத்தின் தெளிவான வரைபடம், பெயர்களின் சரியான எழுத்து, ஒவ்வொருவரும் செய்த பணியைச் சொல்லும் ஐந்தாறு வாக்கியங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போனால் ஒரே அமர்வில் வேலை முடியும். ரசீது ஜிஎஸ்டியுடன் முறையாகத் தருகிறார்கள். கல்லூரிக் கணக்குக்குச் சிக்கல் இல்லை. வரும் ஆண்டின் விருதுகளையும் இங்கேயே செய்வதென்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. தோட்டப் பணியாளருக்கும் இரவுக் காவலருக்கும் இவ்வாண்டு முதல் விருது உண்டு. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை மாணவர்களிடமே கேட்டு எழுதி வாங்கும் வேலையை இப்போதே தொடங்கிவிட்டோம்.